மூலையிலிருந்து ஓர் அங்குலம்

செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடியில்
என் கடை. எட்டடிக்குப் பத்தடி.
ஏலத்தில் எடுத்த லேசர் பிரிண்டர்
பாதி மேசையைத் தின்றுவிடும்.

இரவு ஒன்பதரைக்கு நசீமா பர்வீன் ஏறி வந்தார்,
கணக்கு விரிவுரையாளர், கையில் பென்டிரைவ்.
முடிச்சுகளைப் பற்றி ஆறு வருட ஆராய்ச்சி,
இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
காலை பதினொரு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் சேர்க்கணும்.
நாலு ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கியாயிற்றாம்.
"திறக்கலீங்க மேடம்" என்று எல்லோரும்
மவுஸால் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அது திறக்கிற கோப்பு அல்ல.
எந்த எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்று மட்டும் அதில் இருக்கும்,
எழுத்து இருக்காது.
இலை போட்டு, இலைக்கு இலை பெயரும் எழுதிவிட்டு
ஆளைக் கூப்பிடாத கல்யாணப் பந்தி.
கூப்பிடுவது டிரைவரின் வேலை.

கறுப்புத் திரை. கண்சிமிட்டும் ஒரு கோடு.
கட்டளை, ஓர் இடைவெளி, கோப்பின் பெயர், எண்டர்.
முதல் தாளில் பக்க எண் பாதி அறுந்து வந்தது.
எழுதியவன் தன் ஊர்த் தாளை மனதில் வைத்து எழுதியிருக்கிறான்,
நம் தாள் அதைவிட உயரம்.
சொன்னால்தான் தெரியும் அதற்கு. சொன்னேன்.
பக்கம் மேலேறி உட்கார்ந்தது.
தாளின் மூலையில் அதற்கு எதுவும் தொடங்குவதில்லை.
இடமிருந்து ஓர் அங்குலம், மேலிருந்து ஓர் அங்குலம்,
அங்கேதான் சுழியம்.
"சுழியத்தை எங்க வைக்கிறோம்கிறதுலதான் எல்லாம் இருக்கு"
என்றார் நசீமா. கணக்கைத்தான் சொன்னாரா, தெரியாது.

ஒற்றைப்படைப் பக்கங்கள் முதலில்.
[1] [3] [5] என்று திரையில் எண்கள் நடந்தன.
கட்டைத் திருப்பிப் போட்டு இரட்டைப்படை.
ஏற்காட்டு மலைமேல் மழை; காகிதத்துக்கு அது தெரிந்திருந்தது.
எண்பத்தெட்டு முடிந்ததும் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போயிற்று.
எண்பத்தொன்பதின் முதுகு வெறுமை,
தொண்ணூறு போய்த் தொண்ணூற்றொன்றின் முதுகில்,
அதன் பிறகு எல்லாமே பக்கத்து வீட்டில்.
அவர்தான் பார்த்தார். கோபப்படவில்லை.
"ஒரு இடத்துல தப்பா கடந்தா முடிச்சே வேற" என்றார்.
கட்டளையில் ஓர் எண்ணை மாற்றினேன்.
எண்பத்தொன்பதிலிருந்து மறுபடியும்.

ஒரு மணிக்கு அடுக்கும்போது
மூன்றாம் பக்கம் வெள்ளையாக இருந்தது.
டிரைவர் முதலிலேயே சொல்லிவிட்டது, ஒரே வரியில்,
எழுத்துரு கிடைக்கவில்லை என்று.
ஓடுகிற எண்களுக்கு நடுவே நான்தான் படிக்கவில்லை.
அது கத்துவதில்லை.
"சமர்ப்பணம்ங்க. தமிழ்ல வச்சிருந்தேன்."
"அம்மாவுக்குங்களா?"
காகிதம் அடுக்குகிறவன் கேட்கக் கூடாத கேள்வி.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பென்டிரைவின் வேறொரு மூலையில் கிடந்தது எழுத்துரு.
அதே தாளை, வெற்று முகம் தெரியத் திருப்பி வைத்தேன்.
பக்கம் மூன்று மட்டும்.
அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி வைத்து
அந்த அறையில் அதுவரை இல்லாத எழுத்துகளை அது வரைய ஆரம்பித்தது.
அதில் மொத்தக் கூட்டத்தையும் பிரிண்டருக்கு அனுப்பாது,
அந்தப் பக்கம் கேட்பதை மட்டும்.
இந்தப் பக்கம் கேட்டது ஐந்து:
எ, ன, க், ஓர் இரட்டைக்கொம்பு, ஒரு க.
வாய் கடைசியில் சொல்வதைக் கொம்பாக்கி
முன்னால் நிறுத்துகிற நம் வழக்கம்
அதற்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தாள் நடுவில், சூடாக,
எனக்கே
என்று வந்தது.

அவர் அதை வாங்கி ஊதினார்,
லேசர் மையில் ஊத எதுவும் இல்லை என்று தெரிந்தும்.
கீழே பட்டறையில் யாரோ இன்னும்
கண்ணி கோத்துக்கொண்டிருந்தார்கள்.

நானூற்று இருபத்தெட்டு ரூபாய். வீணான தாள் என் கணக்கு என்றேன்.
"அதையும் குடுங்க" என்று
ஒரு முடிச்சின் முதுகில் இன்னொன்றின் நிரூபணம் ஒட்டிய
அறுபத்து மூன்று தாளையும் பையில் திணித்துக்கொண்டு
படியிறங்கிப் போனார்.

திரையை அணைக்கும் முன்
மேலம்பை ஒருமுறை அழுத்தினேன்.
கடைசிக் கட்டளை அப்படியே வந்து நின்றது.
பக்கம் மூன்று மட்டும்.
தட்டில் ஒரு தாள் மிச்சம் இருந்தது.
எண்டர்.